முழங்கால் வழுகவில்லை: கைகொடுத்தவர்களுக்கு என் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

இடது முழங்கால் ஜவ்வுக்கு நடந்த இரண்டாம் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பதினோரு மாதம் கழித்து நேற்று மைதானத்தில் இறங்கினேன். பந்தோடு ஓடி, இடது காலை ஊன்றிச் சட்டென்று திரும்பினேன். முழங்கால் வழுகவில்லை. கண் கலங்கிவிட்டது.

டாக்டர் அம்மா, உங்களுக்குத்தான் முதல் நன்றி. வேறோர் இடத்தில் செய்த முதல் அறுவை சிகிச்சையில் வைத்த ஜவ்வு ஒன்றரை வருடத்தில் அறுந்து, என் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று நொந்துபோய் உங்களிடம் வந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, ஜவ்வைப் பொருத்தத் தொடை எலும்பில் போட்டிருந்த துளையைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினீர்கள். "இயல்பான ஜவ்வு ஒட்டியிருக்கிற இடம் இது இல்லை. நெட்டுக்குத்தலா இருக்கு. முன்பின் அசைவைத் தாங்கும், திருகலைத் தாங்காது" என்றீர்கள். அந்தத் துளை அவ்வளவு தள்ளி இருந்ததிலும் ஒரு நன்மை: புதுத் துளை அதில் முட்டவில்லை, ஒரே அறுவையில் முடிந்தது.

முதல் முறை ஜவ்வுக்குப் பதிலாகப் பின்தொடையிலிருந்து எடுத்து வைத்த நாண் வெறும் 7 மி.மீ. பருமன். 8-க்குக் கீழே போனால் அறுகிற வாய்ப்பு கூடுமாம். அதனால் இம்முறை முழங்கால் சிப்பிக்குக் கீழுள்ள நாணை, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுத்து வைத்தீர்கள். கிழிந்திருந்த மெனிஸ்கஸை, அதாவது மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பை, வெட்டி எறியாமல் தைத்தீர்கள். தொடையின் வெளிப்பக்கப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, திருகலைத் தடுக்கும் கூடுதல் கட்டாகவும் பொருத்தினீர்கள். ஏன் இன்னொரு தழும்பு என்று நான் தயங்கியபோது, 618 இளம் வயதினரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வைப் பொறுமையாக விளக்கினீர்கள். பின்தொடை நாண் மட்டும் வைத்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 11 சதவீதம் பேருக்கு அறுந்தது. இந்தக் கட்டும் சேர்ந்தவர்களில் 4 சதவீதம்தான். என் தயக்கம் அத்தோடு போயிற்று.

அறுவை அரங்கில் இருந்த செவிலியர் அக்கா, முதுகில் ஊசி போட்டு விழித்துக் கிடந்த எனக்கு, அறுவை நடப்பதைக் காட்டும் திரையைத் திருப்பிவைத்தீர்கள். தொற்று வராமலிருக்க வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் தோய்த்த துணியில் நாணைச் சுற்றி வைத்ததும் உங்கள் கைதான்.

பிசியோ அண்ணா, நான்காம் மாதமே ஓடத் துடித்தவனை ஒன்பது மாதம் பிடித்து நிறுத்தினீர்கள். ஒற்றைக்காலில் தாவச் சொல்லி டேப்பால் அளந்து, வலதுகால் தூரத்தில் 90 சதவீதத்தை இடதுகால் எட்டாதவரை மைதானப் பேச்சையே எடுக்க விடவில்லை. அன்று உங்கள் மீது கோபப்பட்டேன். மன்னியுங்கள்.

கேப்டன், ஆள் குறைந்த நாட்களிலும் ஒருமுறைகூட நீ என்னை ஆடக் கூப்பிடவில்லை. இந்தச் சனிக்கிழமை வருகிறேன்.