கிணற்றடிப் பந்தல்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கதைத்தபோது, "பாடகர் குழுவிலிருந்து என்னை நிற்பாட்டிவிட்டார்கள் அம்மா, இப்போது கோவிலுக்குப் போய்ச் சும்மா வாங்கில் இருந்துவிட்டு வருகிறேன்" என்றாய். போனில் எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

கிணற்றடித் திராட்சைப் பந்தல் நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்திலிருந்து மாமா கொண்டுவந்து நட்ட இஸ்ரேல் புளூ. போன வருசம் பந்தல் முழுக்க இலை. கச்சான் காற்று அனலாய் வீசும் நேரத்திலும் கீழே நல்ல நிழல். வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். குலைதான் இல்லை. இங்கே குளிர்காலமா இருக்கிறது, கொடி தானாக ஓய? வெட்டாவிட்டால் படர்ந்துகொண்டே போகும். வெட்டினால்தான் புதுத் தளிர், அந்தத் தளிரில்தான் பூ. அப்பா ஏணி வைத்து ஏறி ஒரே நாளில் மொட்டையாக்கிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அப்புறம் காய்த்தது. வௌவால் தின்றது போக நாலு கிலோ மிஞ்சியது.

யோவான் 15-ஐ எடுத்துப் பார். கனிகொடுக்கிற கொடியை "சுத்தம்பண்ணுகிறார்" என்றுதான் நம்முடைய வேதாகமத்தில் இருக்கிறது. கொடிக்கு அது வெட்டாகத்தான் தெரியும். உன்னை நிற்பாட்டியது கர்த்தர் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பொறுப்பாளர் உன்னைக் கூப்பிட்டு நேரே சொல்லியிருக்கலாம், எனக்கும் கோபம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. பாட்டுப் பழக அல்லாமல், உனக்காக நீ வேதத்தைத் திறந்து எவ்வளவு காலம்?

கேட்கிற எனக்கும் இது நடந்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்த பிறகு ஐந்து மாதம் முகாமில் சமைத்தேன். விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டினால் வீடு வர இரவு பத்தாகும். எல்லோரும் ஊழியம் என்றார்கள். வீட்டில் நீ பால் கேட்டாலும் எரிந்து விழுந்தேன். ஆவியின் கனி என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய ஒன்பதில் நீடிய பொறுமை இருக்கிறது, தயவு இருக்கிறது. சமையலும் இல்லை, பாட்டும் இல்லை. ஒரு நாள் அப்பம்மா என் கையிலிருந்த அகப்பையை வாங்கி வைத்துவிட்டு, "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார். அவமானமாக இருந்தது. மறுநாள் போக இடமில்லாமல் டச்சுக் குடாக் கரையில் போய் இருந்தேன். ஜெபம் வரவில்லை, அழுகைதான். அடுத்தடுத்த நாளும் போனேன். ஒரு வாரத்துக்கு மேலான பிறகுதான் 23-ம் சங்கீதம் வாயில் வந்தது, அதுவும் பாதி.

அந்த யோவான் 15-ல் 4-ம் வசனம் முதல் 10 வரை "நிலைத்திரு" என்பது எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பார். இருக்கச் சொல்லித்தான் இயேசு கேட்கிறார். நீ வாங்கில் சும்மா இருந்துவிட்டு வருவதாகச் சொன்னது எனக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை.

இன்று விடிய அப்பா மறுபடியும் ஏணியை எடுத்திருக்கிறார். நான் குசினி ஜன்னலைச் சாத்திவிட்டு இருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா