கார் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூனில் வசிக்கிறேன், தனியார் வாடகை கார் ஓட்டுகிறேன். கைக்குழந்தையோடு வரும் குடும்பங்கள் குழந்தையை உட்கார வைக்கும் தங்கள் சொந்தக் கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் வண்டியின் பின்சீட்டில் கட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய சீட்டாகத்தான் இருக்கும். ஆனால் கட்டி முடித்தாகிவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகு ஒரு கையால் பிடித்து அசைத்துப் பார்த்தால் பல நேரம் அது பக்கவாட்டில் தாராளமாக ஆடுகிறது. "எங்க வீட்டுக் கார்ல இறுக்கமாத்தான் இருந்துச்சு அண்ணே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். வண்டி மாறினால் அதே சீட்டைக் கட்டும் விதமும் மாறும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி உங்கள் பத்திரிகை வழியாகப் பேச வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலேயே குழப்பம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2012 முதல் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகள் காரில் ஏறினால் அவர்களுக்கு ஏற்ற சீட்டோ, உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரோ இருக்க வேண்டும். டாக்சிகளுக்கு இதில் விலக்கு உண்டு, எங்களைப் போன்ற தனியார் வாடகை கார்களுக்குக் கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு, "கிட்டத்தில்தான் போகிறோம், மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் பாட்டிகளிடம் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். பாட்டியின் பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி நின்றால், மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தை அந்த நொடியில் சில நூறு கிலோ எடைபோல முன்னால் பாயும், அதைப் பிடித்து நிறுத்தும் வலு எந்த மனிதக் கைக்கும் இல்லை. டாக்சியில் இருக்கும் குழந்தைக்கும் இதே கணக்குத்தான். சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறதே தவிர, மோதலின் வேகம் விலக்கு கொடுக்காது.

சரி, சீட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை வண்டியில் பிடித்து வைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று வண்டியின் சீட் பெல்ட், இன்னொன்று ஐசோஃபிக்ஸ் என்கிற கம்பிக் கொக்கி.

பெல்ட்டில் கட்டும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும், வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும். ஆகவே பக்கிளில் செருகி 'கிளிக்' சத்தம் கேட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது, அந்த நிமிடம் பெல்ட் தளர்வாகத்தான் இருக்கும். சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடம்பு பாரத்தை முழுக்க அதில் போட்டு, வண்டியின் மெத்தைக்குள் சீட் அமுங்கிய பிறகு பெல்ட்டின் தொய்வை இழுத்து எடுக்க வேண்டும். அப்புறம் சீட்டிலேயே பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பூட்டு இருந்தால் அதை மூட வேண்டும். பலர் அந்தப் பூட்டை ஒரு நாளும் திறந்து பார்த்தது கிடையாது. பெல்ட் போகும் வழியைக் காட்ட, ஐரோப்பியத் தரச் சீட்டுகளில் வண்ண அடையாளம் இருக்கும். குழந்தை பின்னோக்கி உட்காரும்போது நீலம், முன்னோக்கி உட்காரும்போது சிவப்பு. இரண்டு விதமாகவும் வைக்கக்கூடிய சீட்டில் நீல வழியில் போக வேண்டிய பெல்ட்டைச் சிவப்பு வழியில் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனால் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை.

கட்டி முடித்ததும், பெல்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் கையை வைத்து இடம் வலமாகவும் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. சீட்டின் தலைப்பகுதியைப் பிடித்து ஆட்டிவிட்டு "ஆடுதே" என்று பயப்பட வேண்டாம், குறிப்பாகப் பின்னோக்கிய சீட்டில் மேல்பக்கம் கொஞ்சம் அசையத்தான் செய்யும்.

எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வண்டிகளும் உண்டு. சில கார்களில் பக்கிள் நீளமான தண்டின் நுனியில் இருக்கும். பெல்ட் வளைந்து போக வேண்டிய இடத்தில், சீட்டின் விளிம்பின்மேல் அந்தப் பக்கிள் வந்து உட்கார்ந்துகொண்டால் சீட் இறுகாது, மோதலில் பக்கிளே உடையவும் கூடும். அங்கே பலத்தைக் காட்டிப் பயனில்லை. மறுபக்கச் சீட்டிலோ நடுவிலோ வைத்துப் பாருங்கள். பச்சைக் குழந்தைக்கான கூடைச் சீட்டுகளுக்கு வேறொரு சிக்கல் வரும். இடுப்புப் பகுதி பெல்ட் கூடையின் குறுக்கே போய், தோள் பகுதி பெல்ட் அதன் முதுகுப்புறத்தைச் சுற்றி வர வேண்டும், சில வண்டிகளில் அவ்வளவு நீளத்துக்குப் பெல்ட்டே இருக்காது. வேறொருவர் காரில் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவரப்போகிறீர்கள் என்றால், பிரசவத்துக்கு முன்பே அந்தக் காரில் ஒருமுறை கட்டிப் பார்த்துவிடுவது நல்லது. மருத்துவமனை வாசலில், பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது கற்றுக்கொள்கிற காரியம் இல்லை இது.

ஐசோஃபிக்ஸ் இருந்தால் கவலையே இல்லை என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பின்சீட்டில் முதுகுச் சாய்வும் உட்காரும் மெத்தையும் சேரும் இடுக்கில், 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இரும்பு வளையங்கள் இருக்கும், சீட்டின் கொக்கிகள் அதைக் கவ்வும். கவ்வியதும் அடையாளம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற வேண்டும், இரண்டு பக்கமும். ஆனால் இந்த இரண்டு பிடி மட்டும் இருந்தால் மோதும்போது சீட் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு பிடி தேவை. அது சீட்டின் உச்சியிலிருந்து பின்னால் போகும் பட்டையாக இருக்கும், இல்லையென்றால் கீழே தரையில் ஊன்றும் காலாக இருக்கும். நம்மவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவது பிடியைத்தான்.

வண்டிக்கு வண்டி அதிகம் மாறுவதும் இதுதான். செடான் வகைக் காரில் பட்டையை மாட்டும் கொக்கி, பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தட்டில் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். பின்கதவு மேலே தூக்கும் கார்களில் சீட்டின் முதுகுப்புறத்தில் இருக்கும், ஏழு பேர் உட்காரும் வண்டிகளில் இரண்டாம் வரிசையின் முதுகில் கீழே குனிந்து தேட வேண்டும். சாமான் கட்டுவதற்கான வளையங்களும் அங்கேயே இருக்கும், பார்ப்பதற்கு உறுதியாகத்தான் தெரியும், அதில் மாட்டிவிடாதீர்கள். நங்கூரப் படம் போட்ட இடம்தான் சரியான இடம். ஊன்றும் கால் உள்ள சீட் என்றால் தரையைத் தட்டிப் பாருங்கள். சில வண்டிகளில் காலடியில் பொருள் வைக்கும் பெட்டி உள்ளே மறைந்திருக்கும், அதன் மூடியின் மேல் காலை ஊன்றினால் மோதலில் மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். அதற்கென்று வண்டி நிறுவனம் தரும் அடைப்புக் கட்டை இருந்தால்தான் அங்கே வைக்கலாம். வண்டியின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

கையேடு என்றதும் இன்னொன்று. இங்கே ஓடும் எத்தனையோ கார்கள் ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியானவை, பல வண்டிகளில் கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கிறது. ஐரோப்பியச் சீட் நிறுவனங்கள் எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்று போடும் பட்டியலில் இந்த வண்டிகளின் பெயர்களும் அப்படியே இருப்பதில்லை. நாம் வெசல் என்று ஓட்டும் ஹோண்டா ஐரோப்பாவில் எச்ஆர்-வி, நம் ஃபிட் அங்கே ஜாஸ். பெயர் மாறினாலும் உள்ளமைப்பு அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வண்டி விற்கும் நிறுவனங்கள் குழந்தை சீட் பற்றிய நாலு பக்கங்களையாவது ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தால் என்ன? வண்டி விலையில் லட்சம் வெள்ளிக்கு மேல் வாங்குகிறார்கள், இதைக் கேட்பதில் தவறே இல்லை.

தீபாவளி சமயத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய எம்பிவியை வாடகைக்கு எடுத்துப் போவது நமக்கு வழக்கம். பெரியவர்களுக்கு இரண்டாம் வரிசையைக் கொடுத்துவிட்டுக் குழந்தையை மூன்றாம் வரிசைக்கு அனுப்புகிறோம். பெரும்பாலான ஏழு சீட் வண்டிகளில் மூன்றாம் வரிசையில் ஐசோஃபிக்ஸ் கிடையாது, மெத்தையும் மெலிதாக, குட்டையாக இருக்கும். குழந்தைக்கு இரண்டாம் வரிசையைக் கொடுங்கள், கால் வலி இல்லாத இளவட்டங்கள் பின்னால் போகட்டும். இன்னொன்று, பட்டுப்பாவாடை, அதற்குள் வலைத்துணி வைத்துத் தைத்த கவுன் இவற்றோடு குழந்தையைக் கட்டினால் சீட்டில் உள்ள வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே துணி அமுங்கியதும் விரல் கணக்கில் தளர்ந்துவிடும். தோள்பட்டை அருகே வாரைக் கிள்ளிப் பாருங்கள், துணிபோல மடிந்து விரலுக்குள் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். உடுப்பைப் போய்ச் சேர்ந்த இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

வேன் வைத்துத் தொழில் செய்யும் குடும்பங்களும் நம்மில் நிறைய உண்டு, ஞாயிற்றுக்கிழமை அந்த வேனிலேயே தேக்காவுக்கும் போவார்கள். முன்வரிசையில் மட்டும்தான் சீட் என்றால், பயணி பக்கத்தில் காற்றுப்பை இயங்கும் நிலையில் இருக்கும்போது பின்னோக்கிய குழந்தை சீட்டை அங்கே வைக்கவே கூடாது. வெயில் மறைப்புப் பலகையில் எச்சரிக்கைப் படம் ஒட்டியிருப்பார்கள், பாருங்கள். காற்றுப்பை வெடித்து விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் போய் அடிக்கும். நடு சீட்டில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் இருந்தால் அங்கே பூஸ்டரும் உதவாது, தோளையும் பிடிக்கும் பெல்ட் அதற்குக் கட்டாயம் வேண்டும். அந்த வேனில் குழந்தைக்கு இடமில்லை என்றால் இல்லைதான், பேருந்தோ எம்ஆர்டி ரயிலோ எடுத்துப் போவது மேல்.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், தம்பி அங்கிருந்து வாங்கி அனுப்பும் சீட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே கார் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து விட்டால் திரும்பிப் போகும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும், அதை நம்பிச் செய்த சீட்டுகளில் பெல்ட் பூட்டு இல்லாமல் போகலாம். நம் கார்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது. அப்போது பெல்ட்டின் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் எச் வடிவ உலோகக் கிளிப் ஒன்று வேண்டும். அது எதற்கென்று தெரியாமல் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பழைய சீட் வாங்குகிறவர்கள் கையேட்டையும் கேட்டு வாங்குங்கள், விபத்தில் அடிபட்ட சீட்டா என்றும் கேளுங்கள். பதில் தயங்கி வந்தால் வாங்க வேண்டாம்.

எங்களைப் போன்ற ஓட்டுநர்களின் காரில் ஏறும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சீட் கட்ட நேரம் வேண்டும் என்று முன்பே செய்தி அனுப்புங்கள். புளோக் முன்னால் இறக்கி ஏற்றும் இடத்தில் அவசரப்படுவதைவிட, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்துக்குள் வந்து ஒரு லாட்டில் நிறுத்தச் சொல்லுங்கள், பொதுவாக 10 நிமிடம் கட்டணமில்லாத சலுகை உண்டு. சீட்டை இடது பின்பக்கம் கட்டினால் குழந்தையை நடைபாதைப் பக்கமாகவே ஏற்றி இறக்கலாம். சக ஓட்டுநர்களுக்கும் சொல்கிறேன், அந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். பெற்றோர் அவசரத்தில் அரைகுறையாகக் கட்டுவதற்கு நம் முகமும் ஒரு காரணம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. கார் சீட் விற்கும் கடைகள், வாங்குபவரின் வண்டிக்கே இறங்கி வந்து கட்டிக் காட்டுவதை வழக்கமாக்க வேண்டும். சமூக மன்றங்களில் மாதத்துக்கு ஒரு காலைப் பொழுது, தெரிந்தவர் ஒருவர் கார்நிறுத்துமிடத்தில் நின்று சரிபார்த்துக் கொடுத்தால் எத்தனையோ குடும்பங்கள் வரும், தமிழில் சொன்னால் தாத்தா பாட்டிகளும் வருவார்கள், இன்று பிள்ளைகளைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வருவது பல வீடுகளில் அவர்கள்தானே. தமிழ் முரசு இதைப் படங்களோடு ஒரு முழுப் பக்கமாக வெளியிட முடியுமா? பெல்ட் போகும் வழி, பச்சை அடையாளம், நங்கூரப் படம் போட்ட கொக்கி, தரைப்பெட்டி மூடி, இவை நான்கும் படத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும். படம் எடுக்க வண்டி வேண்டுமென்றால் என்னுடையதைக் கொண்டுவரத் தயார்.

அன்புடன்,
ஈசூன் வாசகர்