ஓய்வுபெற்ற ஆசிரியர் மன்றம்: செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவ பொருளாளர் சார் வாசிப்பார், மாதக் கூட்டம் எல்லாம் தடங்கல் இல்லாம நடந்துச்சு. எனக்கு ரொம்ப மனசுல நின்னது அமெரிக்கக் கல்வியாளர் டுவைட் ஆலன் பத்தி வச்ச கூட்டம், அதத்தான் கொஞ்சம் விரிவா சொல்லப் போறேன்.

அவர் பேரு நம்மள்ல பல பேருக்கு தெரியல, ஆனா பி.எட்.ல மைக்ரோ டீச்சிங், அதாவது சின்னச் சின்னப் பாடமா எடுத்துப் பழகுற பயிற்சி, பண்ணி ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்குன எல்லாரும் அவருக்கு கடன்பட்டவங்கதான். 1931ல கலிபோர்னியாவுல பிறந்து, ஸ்டான்ஃபோர்டுல படிச்சு அங்கயே வேலைக்கு சேந்து, 1963 வாக்குல கூட இருந்தவங்களோட சேந்து இந்தப் பயிற்சிய உருவாக்கினார். அஞ்சு நிமிஷப் பாடம், நாலஞ்சு பசங்க, ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறன், கேள்வி கேக்குறதுன்னா கேள்வி கேக்குறது மட்டும், அத வீடியோ எடுத்து அப்பவே போட்டுக் காட்டி, திருத்திட்டு மறுபடி எடுக்கச் சொல்றது. அங்க நிஜப் பசங்கள உக்கார வச்சாங்க, நமக்கு கூடப் படிக்கிறவங்களே பசங்க. நம்ம ஊருக்கு வந்தப்போ 6 நிமிஷம் பாடம், 6 பின்னூட்டம், 12 திருத்தி எழுத, 6 மறுபாடம், 6 மறுபின்னூட்டம், ஆக 36 நிமிஷம்னு ஆச்சு, வீடியோவுக்கு பதிலா பின்வரிசையில அப்சர்வேஷன் ஷீட்டோட ஒரு மேடம்!

1968ல இருந்து 1975 வரைக்கும் ஆம்ஹர்ஸ்ட்ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தோட கல்விப் பள்ளிக்கு டீனா இருந்தார். வந்ததும் பழைய பாடத்திட்டத்த ஓரமா வச்சுட்டு, முதல் வருஷம் ஆசிரியர், மாணவர் எல்லாரும் உக்காந்து புதுசா திட்டம் போட்டாங்க, கறுப்பின மாணவர்கள் நிறைய பேர் டாக்டர் பட்டம் படிக்க வந்தாங்க. டீன் நாற்காலியில உக்காந்துட்டு இப்படி எல்லாத்தையும் மறுபடி தொடங்குறதுக்கு பெரிய தைரியம் வேணும், அத நான் மனசாரப் பாராட்டுறேன். அப்புறம் வர்ஜீனியாவுல ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்துல வருஷக்கணக்கா பாடம் எடுத்தார். 2021ல காலமானார்.

கூட்டம் முடிஞ்ச மறுமாசம் பக்கத்துல பி.எட். படிக்கிற பிள்ளைங்கள நம்ம ஹாலுக்கு கூப்பிட்டு ஆறு நிமிஷப் பாடம் எடுக்கச் சொல்லி செல்போன்ல பதிவு பண்ணோம். ஒரு பொண்ணு தன் வீடியோவ பாத்துட்டு "நான் போர்டயே பாத்துட்டு இருக்கேன் சார், யாரையும் பாக்கல"ன்னு தானாவே சொல்லுச்சு, நாங்க ஒரு வார்த்தை சொல்லல, மறுபாடத்துல கடைசி பெஞ்சு வரைக்கும் கண்ண ஓட்டி அவ்வளவு அழகா எடுத்துச்சு. வர்ற வருஷமும் இத தொடரணும்னு செயற்குழு முடிவு பண்ணியிருக்கு. போன் ஸ்டாண்டு ரெண்டு தேவைப்படுது, யார்கிட்டயாவது சும்மா கிடந்தா கொண்டு வந்து குடுங்க.