இரண்டு டென்னிஸ் பந்துகளுக்கு நன்றி

நார்வேயின் கடலோரமாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த எனக்கு, அன்று இரவு மழையில் கூடாரத்துக்குள் என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். மறுபடி சொல்லத் தெம்பில்லை. நான் நலம், சைக்கிளும் ஓடுகிறது. கை நடுக்கம் முழுசாக நிற்பதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது.

முதல் நன்றி, கில்போகாம்ன் படகுத்துறைக்குத் தெற்கே, கடலோரச் சாலையை ஒட்டிய வீட்டில் இருக்கும் அந்த அம்மாவுக்கு. நார்வேயில் 1957 முதல் சட்டமே இருக்கிறது: ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, பயிர் செய்யாத நிலத்தில் யாரையும் கேட்காமல் இரண்டு இரவு வரை கூடாரம் அடிக்கலாம். அந்தத் தூரம் விட்டுத்தான் அடித்திருந்தேன். ஆனாலும் காலையில் மழையோடு மழையாக அவர் நடந்து வருவதைப் பார்த்ததும், கிளம்பச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடார வாசலில் கிடந்த ஸ்லீப்பிங் பேக்கின் ஓரத்தைப் பிழிந்தார். தண்ணீர் ஒழுகியது. "இறகா?" என்றார். ஆமாம் என்றேன். அப்படியே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னாலேயே போனேன், வேறென்ன செய்ய!

வாத்து இறகு நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் அதில் படுப்பதும் ஈரத் துணியைப் போர்த்திக்கொள்வதும் ஒன்றுதான். அவர் அதைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு, சூட்டை மிகக் குறைவாக வைத்து, கூடவே இரண்டு டென்னிஸ் பந்துகளையும் போட்டார். அதில் ஒன்று நாய் கடித்தது. உள்ளே பந்துகள் மொத்து மொத்தென்று அடிக்க அடிக்க இறகு பிரியுமாம். அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்தி, பையை மடியில் போட்டுக்கொண்டு, மிச்சக் கட்டிகளை விரலால் தடவித் தடவி உதிர்த்தார். சாயங்காலம் வரை இதே வேலை. அந்த அறையின் கதகதப்பில் நான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

நிலத்தில் படுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, சரி. யாரோ ஒருவனின் ஈரப் பைக்கு ஒரு முழுப் பகலைச் செலவழிக்கச் சொல்லி அவருக்கு எந்தச் சட்டமும் இல்லையே! பணம் நீட்டினேன், முறைத்தார். இனி என் வாசலில் எவர் சைக்கிளோடு நனைந்து வந்து நின்றாலும், ஊர் பேர் விசாரிக்கும் முன் ஸ்லீப்பிங் பேக்கைத்தான் வாங்கிப் பார்ப்பேன். இது சத்தியம்.

கூடாரக் கம்பிக்கு அலுமினியக் குழாய் வெட்டித் தந்த மீனவர், கல்லறைத் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்ன இளைஞர், படகில் என் சைக்கிளைக் கட்டி நிறுத்திய ஊழியர்கள், இரவெல்லாம் விழித்திருந்து செய்தி அனுப்பிய நீங்கள் எல்லோரும், உங்களுக்கும் நன்றி. போடோ நகரம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.