நீ பத்து வயதில் கேட்ட கேள்வி

என் அன்பு அம்முவுக்கு,

வியாழக்கிழமை இரவு நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்று மாதம் முடிந்துவிட்டது, ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது, மாப்பிள்ளை உன்னைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அப்படியிருந்தும், "என்னையே அழித்த உடம்பு அம்மா இது, இந்தக் குழந்தையை மட்டும் விட்டுவைக்குமா?" என்று கேட்டாய். ஏதோ சமாதானம் சொன்னேன். அது உனக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

இதே கேள்வியை நீ பத்து வயதில் வேறு விதமாகக் கேட்டாய். உனக்கு நினைவிருக்காது. மூன்று வாரமாக ராத்திரியில் எழுந்து எழுந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாய். வெயில் காலம் என்று நினைத்துவிட்டேன். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. வளர்கிற பிள்ளை மெலியத்தான் செய்யும் என்று ஊக்கு குத்தி அனுப்பினேன். மூச்சு வாங்கி, வாயில் அழுகிய பழ வாசனை வந்த அன்றுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டைப் 1 சர்க்கரை நோய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உன் வெள்ளையணுக்களே அழித்துவிட்டன என்றார்கள். நான்காம் நாள் கண் தெளிந்து உட்கார்ந்ததும் கேட்டாய்: "வெள்ளையணு எல்லாம் சிப்பாய் என்று நீதானே பாடம் நடத்துவாய்? சிப்பாய் ஏன் என்னைச் சுட்டான்?"

அறிவியல் ஆசிரியை நான். பதில் தெரியாமல் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். வெளியே வராந்தாவில், "மிட்டாயை வாங்கி வாங்கிக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள்" என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்தச் சொல் பல வருடம் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஓய்வு பெற்ற பின் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். நான் வகுப்பில் சொன்ன சிப்பாய்க் கதை சரியில்லை என்று இப்போது தெரிகிறது. எதிரி யார் என்று சொல்லித்தான் சிப்பாயை எல்லைக்கு அனுப்புவார்கள். இந்த அணுக்களுக்கு அப்படிச் சொல்லி அனுப்ப யாரும் இல்லை.

உன் கணையத்தைத் தாக்கியவை டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள். அவை எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மூல அணுக்களிலிருந்து வருகின்றன. முற்றுவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பி, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கேதான் ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஓர் உணர்வான், அதாவது தனக்குப் பொருந்துவதைப் பற்றும் ஒரு கொக்கி, செய்துகொள்கிறது. அதற்கான மரபணு முழுசாக இருப்பதில்லை, துண்டு துண்டாக இருக்கிறது. சோழியைக் குலுக்கிப் போடுவதுபோல அந்தத் துண்டுகளில் சிலவற்றை எடுத்து, வெட்டி, ஒட்டுகிறது. ஒவ்வொரு செல்லுக்கும் விழுகிற எண் வேறு. கிருமியைப் பற்ற உடம்பு செய்யும் புரதங்களான எதிர்ப்பொருள்களின் மரபணுக்களில் இப்படி நடக்கிறது என்பதை ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் இருந்த சுசுமு டொனெகாவா 1976-ல் காட்டினார். அதற்கு 1987-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஏன் இந்தக் குருட்டுச் சோழி என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு யோசித்தேன். 2019-ன் கடைசியில் கொரோனா வந்தபோது அந்தக் கிருமியை மனித உடம்பு எதுவும் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அதைப் பற்றக்கூடிய செல்கள் நம் உடம்பில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன, கிருமி வருவதற்கு முன்பே. இனி வரப்போகும் நோய் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆகையால் எல்லா வடிவத்திலும் கொஞ்சம் செய்து வைத்துவிடுகிறது உடம்பு. அப்படிச் செய்யும்போது இன்சுலினைப் பற்றுகிற செல்லும், கணையத்தைப் பற்றுகிற செல்லும் பிறந்தே தீரும். உனக்கு மட்டுமில்லை, எனக்கும்தான், உன் அப்பாவுக்கும்தான்.

அவற்றைப் பொறுக்கி அப்புறப்படுத்துவது தைமஸின் வேலை. இந்தச் சுரப்பியின் கதை என் மனதை மிகவும் வருத்தியது. 1961 வரைக்கும் அது உதவாத உறுப்பு என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். அதற்கு முன் இன்னும் மோசம்: காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளின் தைமஸ் பெரிதாக இருக்கிறது என்று சொல்லி, நல்லபடியாக இருந்த குழந்தைகளின் மார்புக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். குழந்தைக்குத் தைமஸ் பெரிதாகத்தான் இருக்கும். வயது ஏற ஏறத்தான் அது சுருங்கிக் கொழுப்பாகும். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் தைராய்டில் புற்றுநோய் வந்தது. லண்டனில் ழாக் மில்லர் என்ற இளைஞர், அப்போதுதான் பிறந்த எலிக்குஞ்சுகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். அவை நோஞ்சானாகி, தொற்றுநோய்க்கு இரையாயின. வேற்று எலியின் தோலை ஒட்டினால்கூட அவற்றின் உடம்பு அதைத் தள்ளவில்லை. உதவாத உறுப்பு இல்லை என்று அன்று தெரிந்தது. மில்லரின் அக்கா இளம் வயதில் காசநோயில் இறந்தவர். அந்தத் துக்கம்தான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது.

தைமஸில் ஒரு டி செல்லுக்கு இரண்டு சோதனை. எந்தப் புரதத்தையும் டி செல் நேரடியாகப் பார்க்காது. மற்ற செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை நறுக்கி, தட்டில் வைத்து நீட்டுவதுபோல மேல்பரப்பில் ஏந்தி நிற்கும். தட்டையும் அதில் இருக்கும் துண்டையும் சேர்த்துத்தான் டி செல் பார்க்கும். இதை ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1970-களின் நடுவில் கண்டுபிடித்தார்கள். அந்தத் தட்டைப் பிடிக்கவே தெரியாத செல்லால் பயனில்லை, அது மடிந்துவிடும். தட்டில் இருக்கும் நம் சொந்தப் புரதத்தை இறுகப் பற்றிக்கொள்ளும் செல்லால் ஆபத்து, அதையும் மடிய வைக்க வேண்டும். உள்ளே போகும் நூறு செல்களில் நான்கைந்து வெளியே வந்தால் அதிகம்.

அம்மு, இந்த இடத்தை நிதானமாகப் படி. இன்சுலின் கணையத்தில் அல்லவா சுரக்கிறது? நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் அதை எப்படிச் சோதிக்கும்? தைமஸில் உள்ள சில செல்கள் உடம்பின் மற்ற உறுப்புகளில் மட்டும் உண்டாகும் புரதங்களையும் துளித்துளியாகத் தாமே செய்து மாதிரி காட்டுகின்றன. இன்சுலினும் அந்த மாதிரிகளில் ஒன்று. அந்த மாதிரி எவ்வளவு உண்டாகும் என்பது இன்சுலின் மரபணுவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பகுதியைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும் என்று 1997-ல் கண்டார்கள். மாதிரி குறைவாகக் காட்டப்படுகிறவர்களுக்கு டைப் 1 வரும் வாய்ப்பு கூடுதல். அதைவிடப் பெரிய பங்கு நான் சொன்ன அந்தத் தட்டின் வடிவத்துக்கு. அதுவும் பரம்பரையாக வருவதுதான். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதேன். என் பிள்ளைக்கு நடந்தது, தப்பக்கூடாத ஒரு செல் சலித்தபோது தப்பியது. மிட்டாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தப்பிய செல் எல்லோரிடமும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அச்சு அசலான இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வந்தே தீரும் என்பதில்லை. ஏனென்றால் வெளியேயும் ஒரு காவல் இருக்கிறது. மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் ஒரு வகை டி செல்லை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். அதன் மூல மரபணுவை மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டார்கள். மூவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளில் பலருக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே உன் நோய் வந்துவிடுகிறது.

ஒரு முறை தொடங்கினால் இது ஏன் நிற்பதில்லை என்று நீ கல்லூரியில் படிக்கும்போது கேட்டாய். நினைவு, அம்மு. காலில் முள் குத்தினால் தொடையிடுக்கில் நெறி கட்டும் அல்லவா? அங்கேதான் பொருத்தமான செல் கிருமியின் துண்டைச் சந்தித்து, ஒன்று ஆயிரமாகப் பெருகுகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிய, சில மட்டும் ஆயுள் முழுக்கத் தங்குகின்றன. 1846-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாரோ தீவுகளில் தட்டம்மை பரவியபோது பானும் என்ற இளம் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781-ல் தட்டம்மை வந்து பிழைத்த கிழவர்கள் ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. அறுபத்தைந்து வருடத்து நினைவு! தடுப்பூசி பலிப்பது இந்த நினைவால்தான். உன் கணையத்தை மறக்காததும் இதே நினைவுதான். 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில், நோயுள்ள ஒருவருக்கு அவருடைய அச்சு அசல் இரட்டையரின் கணையத்தில் பாதியை வைத்தார்கள். வேற்று உறுப்பு என்று உடம்பு தள்ளவில்லை. ஆனால் இன்சுலின் சுரக்கும் செல்களை மட்டும் தேடி அழித்துவிட்டது, நோய் வந்து பல வருடம் கழித்தும்.

இனி உன் குழந்தைக்கு வருகிறேன்.

அதன் உடம்பில் பாதி மாப்பிள்ளையுடையது. உன் டி செல்களின் கணக்கில் அது வேற்றாள். அவரிடமிருந்து உனக்கு ஒரு சிறுநீரகம் வைத்தால் மருந்தில்லாமல் உன் உடம்பு அதை ஏற்காது. ஆனால் இந்த மூன்று மாதமாக ஏற்றிருக்கிறது. நஞ்சுக்கொடி தன்னை மறைத்துக்கொள்வது ஒரு காரணம். நான் சொன்ன அந்த அடக்கி வைக்கும் செல்கள் இப்போது உன் கர்ப்பப்பையில் கூடியிருப்பது இன்னொரு காரணம். நீ எதிரி என்று சொல்கிற அதே உடம்புதான் இதைச் செய்துகொண்டிருக்கிறது.

கடைசி மூன்று மாதத்தில் உன் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். நீ போட்ட தடுப்பூசி, உனக்கு வந்து போன காய்ச்சல், எல்லாவற்றின் காப்பும் அதில் இருக்கும். கணையத்துக்கு எதிரானவையும் போகலாம், பயப்படாதே. அழிக்கும் வேலையைச் செய்பவை டி செல்கள். கடன் வாங்கிய எதிர்ப்பொருள்கள் பிறந்த சில மாதங்களில் கரைந்துவிடும். தாய்க்கு டைப் 1 இருந்தால் நூறு பிள்ளைகளில் ஒன்று முதல் நான்கு பேருக்கு வருகிறது. தந்தைக்கு இருந்தால் வருவதைவிட அது குறைவு. இல்லவே இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வருமா என்று முன்கூட்டியே ரத்தத்தில் பார்க்க இப்போது வழி இருக்கிறது. எட்டு வயதுக்கு மேல், அறிகுறி வருவதற்கு முன் கொடுத்து, சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போடும் ஒரு மருந்தை 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. உனக்கு வந்தபோது இப்படி ஒரு மருந்து இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் போட்டார்களே, அதற்கு முந்தைய காலமாக இருந்திருந்தால் நீயும் எனக்கு இல்லை.

சர்க்கரையை மட்டும் டாக்டர் சொன்ன அளவில் வைத்துக்கொள். இரவு இரண்டு மணிக்கு இறங்கினால் மாப்பிள்ளையை எழுப்பு, அவர் தூக்கம் கெடுமே என்று பார்க்காதே. ஏழாம் மாதம் நான் வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் உன் இன்சுலினுக்கு இப்போதே ஒரு தட்டைக் காலி செய்துவிட்டேன்; ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும் என்று நீ பத்து வயதில் எனக்குப் பாடம் எடுத்தாய்.

அன்புடன்,
அம்மா