தலைவரின் இரத்தமும் மெல்போர்னும்

ஏற்காடு

அன்புள்ள கோபாலுக்கு,

இங்கு அனைவரும் நலம். மிளகு இவ்வாண்டு பரவாயில்லை. காப்பியைப் பற்றி மட்டும் கேட்காதே.

தொலைபேசியில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன். நம் தலைவருக்கு இரத்தப் புற்றுநோய், லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களில் வரும் நாட்பட்ட வகை. இதில் உடனே மருந்து தொடங்குவதில்லையாம். சேலத்து மருத்துவர் ஓராண்டுக்கு மேலாக வெறுமனே கண்காணித்தே வந்திருக்கிறார். தலைவர் அதை 'வாய்தா' என்று சொல்லிக்கொண்டு நம்மிடம் மூச்சுவிடாமல் தட்டுவடை செட் தின்று திரிந்திருக்கிறார். இப்போது அணுக்கள் பெருகிவிட்டன. போதாக்குறைக்கு 17ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்திருக்கிறது.

அந்தப் பகுதியில்தான் பி53 என்னும் மரபணு இருக்கிறது. பழைய கீமோதெரபி மருந்துகள் அணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும். சிதைவைக் கண்டு, 'இனி நீ சாகலாம்' என்று அணுவுக்குக் கட்டளையிடுவது பி53. கட்டளையிட ஆளில்லாத இடத்தில் கீமோதெரபி கொடுத்துப் பெரும் பயனில்லை என்பதால், வெனிடோகிளாக்ஸ் என்ற மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். விலங்கியல் வகுப்பில் நீ தூங்கியதற்கும் சேர்த்துப் படிப்பதாக வைத்துக்கொள்.

தலைப்பிரட்டையின் வால் மறைவதும் அணுக்கள் முறைப்படி தம்மை மாய்த்துக்கொள்வதால்தான். (உன் வால் மட்டும் ஏன் உதிரவில்லை என்பதற்கு எந்த நூலிலும் விடையில்லை.) கெர், வில்லி, கரி ஆகிய மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயரிட்டார்கள். ஆனால் என்னை உறங்கவிடாதது 1988ஆம் ஆண்டுச் சங்கதி. மெல்போர்னில் டேவிட் வாக்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர், சூசான் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, நிணநீர்ப் புற்றுநோயில் கண்டறியப்பட்டிருந்த பிசிஎல்-2 மரபணுவை இரத்த அணுக்களுக்குள் செலுத்தி, அவை உயிர்வாழத் தேவையான வளர்ச்சிக் காரணியை நிறுத்திப் பார்த்தார். மற்ற அணுக்கள் மடிந்தன. இவை பெருகவுமில்லை, சாகவுமில்லை. கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய் என்று நாம் படித்ததற்கு, சாக வேண்டியவை சாகாதிருப்பதும் புற்றுநோய்க்கு வழியாகும் என்ற மறுபக்கம் அங்கேதான் தெளிந்தது.

அணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் துளையிட்டு அதைக் கொல்லும் புரதங்களை, பிசிஎல்-2 மரபணு தரும் புரதம் கட்டிவைத்திருக்கிறது. மாத்திரை அந்தக் கட்டை அவிழ்க்கிறது. பி53இன் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2016இல். கண்டுபிடிப்புக்கும் மாத்திரைக்கும் இடையே 28 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை தலைவர்கள் போயிருப்பார்கள் என்று நினைக்கையில் கோபமாகவும், அத்தனை காலம் விடாமல் உழைத்தவர்களை நினைக்கையில் வணக்கமாகவும் இருக்கிறது. விலையைப் பற்றி நேரில் பேசுவோம். அது தனிக் கோபம்.

என் கவலையெல்லாம் முதல் ஐந்து வாரங்களைப் பற்றியது. அணுக்கள் ஒரேயடியாக மடிந்தால் அவற்றிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலமும் ஏறும்; சிறுநீரகமும் இதயமும் தாங்காது. ஆகவே 20 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் 50, 100, 200 என உயர்த்தி 400க்குக் கொண்டுபோவார்கள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் நட்சத்திரப் பழம் கூடாது என்றதும், கொல்லையில் காய்த்துக் குலுங்குவதைக் காட்டி மனிதர் சண்டைக்கு வந்துவிட்டார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். உனக்குத்தான் கொஞ்சம் பயப்படுவார். திங்கட்கிழமை முதல் மாத்திரை. ஞாயிறு மாலைக்குள் அவரை அழைத்துத் தண்ணீரையும் பழத்தையும் பற்றிக் கண்டிப்பாகப் பேசு. நான் எழுதியதாக மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
சுந்தரம்