உங்கள் காமன் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள்

மதுரையில் வெப் புராஜெக்ட் எடுத்து நடத்தும் டீம் லீட் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். ஆறு வருடமாக ஃப்ரன்ட் எண்ட் வேலை பார்க்கிறேன். அதில் பாதி, வேறு யாரோ எழுதிவிட்டுப் போன புராஜெக்ட்டில் எது எங்கே இருக்கிறது என்று தேடியே கழிந்தது. அதனால்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டப புக்கிங் சைட் கைக்கு வந்தது. ரியாக்ட் என்கிற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதியது. ஏற்கெனவே புக் ஆன முகூர்த்தத் தேதிகளைக் காலண்டரில் மங்கலாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. காலண்டர், திரையில் தெரிகிற துண்டுகளை வைக்கும் காம்போனென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தது. அதன் ஹூக் (காம்போனென்ட்டின் டேட்டாவைக் கவனிக்கிற ஃபங்ஷன்), ஹூக்ஸ் ஃபோல்டரில். சர்வரிடம் டேட்டா கேட்க ஏபிஐ கூப்பிடுவது சர்வீசஸில், தேதியை மாற்றும் ஃபங்ஷன் யூட்டில்ஸில், நிறம் ஸ்டைல்ஸில். பத்து நிமிட வேலைக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குப் போனது. எழுதிய தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அப்படி அடுக்கத்தான் நாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

வெண்கலக்கடைத் தெரு, எழுதாணிக்காரத் தெரு என்று தொழிலுக்கு ஒரு தெரு வைத்த ஊர் இது. வகை பிரித்து அடுக்குவது நமக்குக் கைவந்த பழக்கம். குடம் மட்டும் வாங்கப் போகிறவருக்கு அது சௌகரியமும்கூட. ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகருக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுகிறவர் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்துக்குத்தான் போவார். துணி, ஜரிகை, தைக்கிற டெய்லர் எல்லாமே அந்தத் தூண்களுக்கு நடுவில் கிடைத்தன. (கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. எனக்கு இன்னும் வாயில் புது மண்டபம் என்றுதான் வருகிறது.) நம் வேலையும் பெரும்பாலும் வேடம் தைக்கிற வேலைதான். யாரும் நம்மிடம் வந்து “ஹூக்ஸை எல்லாம் மாற்று” என்பதில்லை. “புக்கிங்கை மாற்று” என்கிறார்கள். அப்படியானால் புக்கிங் என்று ஒரு ஃபோல்டர் இருக்கட்டும். காலண்டர், அதன் ஹூக், ஏபிஐ, ஸ்டைல், டெஸ்ட் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கட்டும். நாளைக்கு அந்த வசதியே வேண்டாம் என்றால் ஃபோல்டரோடு தூக்கிப் போடலாம்.

பத்துப் பக்கச் சின்ன சைட்டுக்கு இதெல்லாம் தேவையில்லை, வகை வாரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ரியாக்ட்டின் பழைய ஆவணத்திலேயே, ஆரம்பத்தில் ஃபோல்டர் அமைப்பை யோசிக்க 5 நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். சரிதான். ஆனால் அது ஆரம்பத்துக்கு. ஆறு மாதம் கழித்து யாராவது உட்கார்ந்து மறுபடி அடுக்க வேண்டும் இல்லையா?

இப்போது காமன் ஃபோல்டருக்கு வருகிறேன், பல பக்கங்களுக்கும் பொதுவான ஃபைல்களைப் போடுகிற இடம். வீட்டுப் பரண் மாதிரிதான் அது. ஏற்றுவதற்கு எல்லோரும் உண்டு, இறக்க ஆள் கிடையாது. நான் பார்த்த ஒரு பட்டன் முதலில் வெறும் ‘சேமி’ பட்டனாக இருந்திருக்கிறது. அப்புறம் ஐகான் வந்தது. அப்புறம் லோட் ஆகும்போது சுற்றுகிற வட்டம். அப்புறம் மொபைலில் முழு அகலம். கடைசியில் ‘இஸ்புக்கிங்’ என்று ஒரு ப்ராப் (காம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கிற மதிப்பு), புக்கிங் பக்கத்தில் மட்டும் சிவப்பாகத் தெரிவதற்காக. புக்கிங் பற்றி ஒரு பட்டனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அந்த ஃபைலைத் தொட்டால் முப்பது பக்கம் ஆடுகிறது. அதனால் யாரும் தொடுவதில்லை, பக்கத்திலேயே ‘நியூபட்டன்’ என்று இன்னொன்று முளைத்திருக்கிறது.

இரண்டு இடத்தில் ஒரே மாதிரி பத்து வரி இருந்தால் இருக்கட்டும். மூன்றாவது இடம் கேட்கும்போது காமனுக்கு ஏற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். அவசரப்பட்டு ஒன்றாக்கியதைப் பிரிப்பது, காப்பியாகக் கிடப்பதைச் சேர்ப்பதைவிடப் பெரிய தலைவலி. இன்னொன்று, இம்போர்ட், அதாவது ஒரு ஃபைல் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்வது, ஒரே திசையில் போகட்டும். புக்கிங் காமனிலிருந்து எடுக்கலாம், காமன் புக்கிங்கிலிருந்து எடுக்கக் கூடாது. இதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், எழுதியதைச் சோதிக்கிற இஎஸ்லின்ட் டூலில் ஒரு ரூல் போட்டால் அதுவே திட்டும்.

பெயர் விஷயமும் உண்டு. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, இம்போர்ட்டில் சின்ன எழுத்து. விண்டோஸ் லேப்டாப்பில் ஒரு சத்தமும் இல்லாமல் ஓடும், லினக்ஸ் சர்வரில் பில்ட் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி பதினொன்றரை மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த முறையும் வேதம் இல்லை என்பதும் தெரியும். காட்டுகிற காம்போனென்ட் வேறு, டேட்டாவைக் கையாளுகிற காம்போனென்ட் வேறு என்று பிரிக்கலாமென ரியாக்ட் டெவலப்பர் டேன் அப்ரமோவ் 2015ல் எழுதினார், ஊரே பிரித்தது. 2019ல் ஹூக்ஸ் வந்த பிறகு, இனி இப்படிப் பிரிக்கச் சொல்ல மாட்டேன் என்று அவரே அந்தக் கட்டுரைக்கு மேல் குறிப்புப் போட்டுவிட்டார். நம்மூரில் இன்னும் இன்டர்வியூவில் அதைக் கேட்கிறோம்.

உங்களிடம் கேட்பது நேரம்தான். ஃபைலை நகர்த்த ஜூனியருக்குத் தெரியும், ஆனால் அதற்கு அரை நாள் ஒதுக்க அவனுக்கு அதிகாரம் இல்லை, உங்களுக்கு இருக்கிறது. கிளையண்டுக்கு எஸ்டிமேட் போடும்போதே மாதத்துக்கு அரை நாளை அதில் சேர்த்துவிடுங்கள். முதல் அரை நாளில் காமன் ஃபோல்டரைத் திறந்து, எங்கேயும் இம்போர்ட் ஆகாத ஃபைல்களைத் தேடி அழிக்கச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், பழைய வெர்ஷன்களைச் சேமித்து வைக்கும் கிட் (Git) டூலில் இருக்கிறது, வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அந்த மண்டபக் காலண்டரை ஒருவழியாக மங்கலாக்கிய டெவலப்பர்